அணைத்தாலும் சுழலும் பம்பு

பெங்களூரில் விமான உதிரிபாகங்களைப் பழுதுபார்க்கும் கூடமொன்றில் வேலை செய்யும் நண்பர் என்னை உள்ளே அழைத்துப்போய், சேலத்துக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தார். பாலிடெக்னிக் முடித்து லாரிப் பட்டறையில் தொடங்கியவர். இன்று அவர் மேசையில் கிடப்பது போயிங் 737-இன் எஞ்சினோடு இயங்கும் ஹைட்ராலிக் பம்பு.

"சுவிட்சை ஆஃப் பண்ணினா பம்பு நின்னுடும்னுதான் சார் எல்லாரும் நினைக்கிறாங்க" என்றார்.

நிற்பதில்லை. எஞ்சினின் கியர்பெட்டியோடு பிணைந்த பம்பு, எஞ்சின் ஓடும்வரை சுழன்றே தீரும். விமானி தலைக்கு மேலுள்ள சுவிட்சை அணைக்கும்போதுதான் சோலனாய்டு வால்வுக்கு 28 வோல்ட் மின்சாரம் போகிறது. வால்வு திறந்து, பம்பின் சொந்த அழுத்தத்தையே உள்ளே திருப்பி அனுப்புகிறது. அது சாய்தட்டை நிமிர்த்திவிட, பிஸ்டன்கள் எண்ணெயைத் தள்ளுவது நின்றுபோகிறது, வெளிவாயிலும் அடைபடுகிறது.

ஏன் இப்படித் தலைகீழாக? மின்சாரம் அறுந்தாலும் சுக்கானுக்கும் சக்கரங்களுக்கும் 3000 பிஎஸ்ஐ அழுத்தம் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக. எஞ்சினை நிறுத்திய பிறகும் விமானி இந்தச் சுவிட்சை ஆனிலேயே விட்டுச்செல்வது வழக்கம். ஆஃபில் கிடந்தால் சோலனாய்டின் கம்பிச்சுருளான காயில் சூடேறி அதன் ஆயுள் குறையும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் காயில்தான். அவர் மல்டிமீட்டரை வைத்தார். அளவு சரியாகவே இருந்தது. "இப்ப பாருங்க" என்று சூடேற்றி மறுபடி வைத்தார். மீட்டரில் ஓ.எல். என்று வந்தது: உள்ளே எங்கோ கம்பி விட்டுப்போயிருக்கிறது. ஆறியதும் பழைய அளவு திரும்பிவிட்டது. "தரையில நல்லா இருக்கும், மேல போனாதான் படுத்தும்" என்றவர், அதில் சிவப்புச் சீட்டைக் கட்டினார். அந்தப் பொறுமைக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன்.

பம்பிலிருந்து வடிந்த ஊதா நிற ஸ்கைட்ரால் எண்ணெய் கண்ணில் பட்டால் மிளகாய்ப்பொடி விழுந்ததுபோல் எரியும். அதைத் தொடுவதற்கான கையுறையைக்கூட, இவரை இங்கே வேலைக்கு அமர்த்திய ஒப்பந்தக்காரர் எண்ணித்தான் கொடுக்கிறார். வெளியே வரும் பாகத்துக்குச் சான்றளிக்கும் சிஏ படிவம் 1-இல் கையெழுத்திடுபவர் வேறொருவர். குறையைக் கண்டுபிடித்தவர் பெயர் வெளியே போவதில்லை. கூடத்துக்கும் இவருக்கும் நடுவில் நிற்கும் ஒப்பந்தக்காரருக்குச் சோலனாய்டு எது, ஸ்பூல் எது என்று தெரியாது; ஆனால் மாதாமாதம் இவர் உழைப்பில் ஒரு பங்கு அவருக்குப் போகிறது. நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலைக்குக் குறைந்த கூலி. நூற்றுக்கணக்கான உயிர்களைத் தாங்கும் வேலையை ஆள்பிடிக்கும் தொழிலாக்கி வைத்திருப்பது அநியாயம் என்று நண்பரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

சேலத்துக்காரர் பொறியாளர் உரிமத்துக்கான தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறார். அடுத்தது மாட்யூல் 11. ஹைட்ராலிக்ஸ் அதில்தான் வருகிறது. "அது பிரச்சினையில்ல சார். அதுலயே காற்றியக்கவியலும் வருதே, அதைத்தான் ராத்திரி உக்காந்து படிக்கிறேன்" என்றார்.