ஒரே எண், இரு பொருள்

சில திங்களுக்கு முன்னர், எமது அன்னையாரின் முழங்கால் நோவின் பொருட்டு வைத்தியரை நாடினோம். அன்னையாருக்கு அகவை 78, எமக்கு 46. வைத்தியர் பணித்தவாறு இருவரும் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் என்னும் பொருள், இருவர் இரத்தத்திலும் ஒரு தெசிலீற்றருக்கு 1.0 மில்லிகிராம் எனத் தாளிற் கண்டிருந்தது. அன்னையாரின் சிறுநீரகம் எமதைப் போலவே திடமாயுள்ளதென்று மகிழ்ந்தோம். சமமான எண்கள் சமமான பொருளையே தரும் என்பது, கணிதம் கற்பிக்கும் எமது துணிபு.

வைத்தியரோ முகம் சுருக்கினார். அன்னையார் தாமாகவே வாங்கி விழுங்கிவந்த நோவுக் குளிசைகளை அன்றே நிறுத்துமாறு பணித்தார். அவை சிறுநீரகத்தைத் தாக்கவல்லன என்றார்.

கிரியேற்றினின் தசைகளில் உண்டாகும் கழிவு. தசை மிகுந்த ஆடவரில் அது கூடுதலாகவும், பெண்டிரிற் குறைவாகவும், முதுமையில் தசை மெலிய மேலும் குறைவாகவும் உண்டாகும். அச்சிறு கழிவையும் முற்றாக அகற்ற இயலாமையினாலேயே அன்னையாரின் எண் எமது எண்ணை எட்டியிருந்தது! வயதையும் பாலையும் சேர்த்துக் கணிக்கும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தின்படி, சிறுநீரக வடிகட்டல் எமக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 94 மில்லிலீற்றர்; அன்னையாருக்கு 58. இவ்வளவு 60இற்குக் கீழாக மூன்று திங்களுக்கு மேல் நிலைக்குமாயின், நாட்பட்ட நோய் எனக் கொள்வர்.

இரத்தத்தின் பிற அளவுகளும் இத்தகையனவே. ஈமோகுளோபின் ஆடவருக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்டிருக்கு 12 கிராமுக்கும் குறையின் சோகை என்பர். ஆண்பால் ஓமோன் செங்குழிய ஆக்கத்தைத் தூண்டுவதும், மாதவிடாயில் இரும்பு இழக்கப்படுவதும் இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள். மாதவிடாய் நின்றபின் பெண்டிரின் இரும்புச் சேமிப்பு உயரும். தீய கொலஸ்திரோலும் உடன் ஏறும். ஆதலின் மகளின் தாளைத் தாயின் தாளோடும், கணவனின் தாளை மனைவியின் தாளோடும் ஒப்பிட்டு ஆறுதல் கொள்ளுதல் தகாது.

மூன்று திங்கள் கழிந்தபின் மீண்டும் சோதித்தோம். அன்னையாரின் கிரியேற்றினின் 0.9 ஆகவும், வடிகட்டல் 65 ஆகவும் இருந்தன. குளிசைகள் போயின, இரவில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுதல் இப்போது எமது பணி.

விடைக்கு அலகு எழுதாத மாணவருக்குப் புள்ளி குறைப்பது எமது வழக்கம். வயதையும் பாலையும் விட்டுவிட்டு வெறும் எண்ணைப் படித்த எமக்கு எத்தனை புள்ளி குறைப்பது?