ஸ்லோ இல்லை தம்பி, நிக்குது

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே. 2020 ஏப்ரல் மாசக் கடைசி. ஊரடங்கு. ஆபீஸ் மொத்தமும் வீட்ல இருந்து விபிஎன் வழியா ஆணி புடுங்கிட்டு இருந்த நேரம். அந்த விபிஎன்னைக் கட்டி மேய்க்கறது அடியேன் பொறுப்பு.

அக்கவுண்ட்ஸ்ல ஒரு அக்கா. கும்பகோணம் பக்கத்துல அம்மா வீட்டுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கிட்டாங்க. தினமும் காலைல போன். "தம்பி, மெயில் வரமாட்டேங்குது."

நான் என் வீட்ல பார்ப்பேன். பிச்சிக்கிட்டு ஓடும். "நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்குக்கா. உங்க ஊர் நெட் ஸ்லோ. மோடத்தை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." அவ்ளோதான் நம்ம வைத்தியம். டேமேஜர் கேட்டப்பவும் அதையே எழுதினேன்: அவங்க வீட்டு இணைப்பு மந்தம், நம்ம பக்கம் பிரச்சினை இல்லை. நாலு பேருக்கு நகலோட. மறுநாள் கான்ஃபரன்ஸ் கால்ல டேமேஜர் எல்லார் முன்னாடியும், "நெட் இல்லாத ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு எப்படிம்மா சம்பள வேலை பார்ப்பீங்க?"ன்னு கேட்டார். அக்கா ஒண்ணுமே பேசலை. நானும்தான்.

28ஆம் தேதி திரும்ப போன். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆளுங்களோட வருகைப் பதிவு ஷீட் மெயில்ல வந்திருக்கு, இறங்க மாட்டேங்குது. 30ஆம் தேதிக்குள்ள கணக்கு போடலைன்னா அவங்களுக்குக் கூலி தள்ளிப்போயிடும். கடை கண்ணி எல்லாம் மூடிக் கிடந்த மாசம் அது. ஷீட்டை போன்ல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்து ஒவ்வொரு பேரா டைப் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"நெட் ஸ்லோக்கா"ன்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள சொன்னாங்க:

"ஸ்லோ இல்லை தம்பி, நிக்குது. ரெண்டு வரி மெயில் டக்குனு வருது. ஷீட் வச்சது அசையவே மாட்டேங்குது. ஸ்லோன்னா ரெண்டுமே மெதுவா தானே வரணும்?"

ஙே.

பத்து வருஷமா இதே பொழப்பு எனக்கு. இந்தக் கேள்வியை நான் அவங்களைக் கேட்டிருக்கணும்.

விபிஎன்னை நிறுத்திட்டு ஒரு சோதனை பண்ணச் சொன்னேன். பிங் கட்டளைல "பொட்டலத்தை உடைக்காதே"ன்னு சொல்லி அளவையும் நாமே குடுக்கலாம். என் வீட்ல 1472 போச்சு. அவங்க வீட்ல போகலை. 1464 போச்சு. ரெண்டுலயும் தலைப்புக்கு 28 பைட் கூட்டிக்கோங்க. எனக்கு 1500, அவங்களுக்கு 1492. அவங்க பிராட்பேண்ட் பிபிபிஓஇ முறைல ஓடுது, அதுக்கு 8 பைட் போயிடும்.

சுரங்கப்பாதை வாசல்ல உயரத் தடுப்புக் கம்பி பார்த்திருப்பீங்களே, அதே கதைதான். விபிஎன் ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் தன்னோட மூட்டையை வேற ஏத்தும். எங்க ஆபீஸ் லாரி 1500 உயரத்துக்கு லோடு ஏத்தி வருது. பாலம் 1492. ரெண்டு வரி மெயில் சைக்கிள் மாதிரி, குனியாமயே போயிடும். ஷீட் வந்தா முட்டிக்கிட்டு நிக்கும்.

இப்படி முட்டினா, வழில இருக்கற ரவுட்டர் "பெருசா இருக்கு, குறைச்சு அனுப்பு"ன்னு ஐசிஎம்பி வழியா ஒரு சீட்டு திருப்பி அனுப்பணும். 1990லயே ஆர்எஃப்சி 1191ல எழுதி வச்ச ஏற்பாடு இது. சீட்டு அனுப்பியிருக்காங்க. எங்க ஃபயர்வால் கிழிச்சுப் போட்டிருக்கு. சீட்டு கிடைக்காததால சர்வர் அதே உயர லாரியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு.

அந்த ஃபயர்வால் விதியைப் போட்ட புண்ணியவான் யாருன்னு தேடினேன். நாந்தான். முன்ன ஒரு ஆடிட்ல "வெளிலேர்ந்து பிங் அடிச்சா பதில் வரக்கூடாது"ன்னாங்க. பிங்கை மட்டும் நிறுத்தாம ஐசிஎம்பியையே மொத்தமா இழுத்துப் பூட்டியிருக்கேன். அவ்வ்வ்வ்.

உடனடி வைத்தியமா, அவங்க லேப்டாப்ல விபிஎன் இணைப்போட எம்டியு அளவை 1300 ஆக்கினேன். ரெண்டு நிமிஷத்துல ஷீட் எல்லாம் பொலபொலன்னு இறங்கிடுச்சு. அப்புறம் ஃபயர்வால்ல அந்தச் சீட்டுக்கு, அதாவது ஐசிஎம்பி வகை 3, குறி 4க்கு வழி விட்டேன். விபிஎன் கேட்வேல எம்எஸ்எஸ் அளவையும் குறைச்சு வச்சேன். மொத்தம் அரைமணி நேர வேலை. மூணு வாரம் அவங்களை அலைய விட்டிருக்கேன்.

"தப்பு என் மேலதான்க்கா, மன்னிச்சுக்கோங்க"ன்னேன்.

"சரி தம்பி, ஷீட் வந்துருச்சு. வேலை கிடக்கு, வைக்கறேன்."

ஃபயர்வாலைத் திருத்தறதை விடக் கஷ்டமா இருந்தது அதுக்கப்புறம் எழுதின மெயில்தான். டேமேஜருக்கு, அதே நாலு பேருக்கு நகலோட: அவங்க வீட்டு இணைப்புல கோளாறு எதுவும் இல்லை, நான் போட்ட விதிதான் காரணம். நாலு தடவை அழிச்சு அழிச்சு எழுதி, கண்ணை மூடிக்கிட்டு அனுப்பினேன். 30ஆம் தேதி எல்லாருக்கும் கூலி போயிடுச்சு.

டிஸ்கி: உங்களுக்கும் விபிஎன்ல சின்ன மெயில் ஓடி, பெரிய மெயில் மட்டும் நின்னா, மோடத்தைத் திட்டறதுக்கு முன்னாடி எம்டியுவைக் குறைச்சுப் பாருங்க. நீங்க என்னை மாதிரி மறுமுனைல உட்கார்ந்திருக்கற ஆளா? அப்ப "ஸ்லோவா, நிக்குதா?"ன்னு முதல்ல கேளுங்க.