திருமெய்யத்து மதில்

பழனிமலைத் தொடரில், வில்பட்டியை அடுத்து, பள்ளங்கி என்னும் சிற்றூர் உள்ளது. மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி, கல்வரப்புக் கட்டி, பூண்டும் கிழங்கும் பயிரிடும் உழவர்கள் அங்கு வாழ்கின்றனர். அவர்களுள் முதியவர் ஒருவர். அவருக்கும் அவர்தம் தம்பிக்கும் இடையே பதினோர் ஆண்டுகளாகப் பேச்சில்லை. தந்தை விட்டுச் சென்ற நிலத்தை இருவரும் அமைதியாகவே பங்கிட்டுக்கொண்டனர். ஆயினும் இரு நிலத்திற்கும் பொதுவான ஊற்றை அவர்களால் பங்கிட இயலவில்லை. கோடைதோறும் வாய்ச்சண்டை மூண்டது. ஒரு கோடையில் அது கைகலப்பாகவும் முடிந்தது.

முதியவரின் மகள் வாழ்க்கைப்பட்டது புதுக்கோட்டைச் சீமையில். மகளைக் காணச் சென்றவரைப் பத்தாம் வகுப்பில் பயிலும் பேத்தி திருமெய்யத்திற்கு அழைத்துச் சென்றாள். புதுக்கோட்டைக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அவ்வூர். குளிர்ந்த மலையிலேயே வாழ்ந்து பழகிய முதியவருக்கு அவ்வெயில் பெருந்துன்பம் தந்தது. “இந்த மொட்டைப் பாறையைக் காணவா இவ்வளவு தொலைவு வந்தோம்?” என்று அவர் முணுமுணுத்தார்.

அப்பாறையின் மேல் நிற்பது 1687-ஆம் ஆண்டில் சேதுபதி மன்னர் கட்டுவித்த கோட்டை. முன்னாளில் அதற்கு ஏழு மதில்கள் இருந்தன என்பர்; இன்று எஞ்சியவை சிலவே. ஊரார் அதனை ஊமையன் கோட்டை என்றும் வழங்குகின்றனர். கட்டபொம்மனின் தம்பியாகிய ஊமைத்துரை 1801-இல் தூக்கிலிடப்பட்ட வீரன். தேசத் தொண்டர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்த ஊரும் இதுவே. உச்சிக் கொத்தளத்தில் பீரங்கி ஒன்று கிடக்கிறது. முதியவர் அதனைத் தடவிப் பார்த்தாரேயன்றி ஒன்றும் கூறவில்லை. பாறையின் இடைவழியில், சிறு குடைவறையில் தனித்திருக்கும் சிவலிங்கத்தைக் கண்டபோது மட்டும் கைகூப்பி நெடுநேரம் நின்றார்.

திருமெய்யத்தின் பெருமை கோட்டையினும் அடிவாரத்திலேயே மிகுதி. ஒரே பாறையின் தென்புறத்தில் இரு குடைவரைக் கோயில்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒன்றில் ஈசன், மற்றொன்றில் அரவணையில் துயிலும் திருமால். அப்பள்ளிகொண்ட கோலம் ஒரே பார்வையில் அடங்குவதன்று. நஞ்சு உமிழும் ஆதிசேடனுக்கு அஞ்சி மதுகைடவர் ஓடும் காட்சியையும் சிற்பி பாறையிலேயே செதுக்கியுள்ளான். திருமங்கையாழ்வார் பாடிய தலம் அது. ஈசன் கோயிலிலோ, இலிங்கத்திற்கு எதிர்ச்சுவரில் அடிமுடி காணவொண்ணாத இலிங்கோற்பவர் வடிவம் உள்ளது. யார் பெரியவர் என்னும் போட்டியில் பிறந்த கதையைக் குறிக்கும் அச்சிற்பம், அண்டை வீட்டில் திருமால் துயிலும் இவ்வூரில் அமைந்தது வியப்பே!

வெளியே வந்த முதியவர், இரு கோயில்களுக்கும் இடையே எழுந்த மதிலைக் கண்டு நின்றார்.

“பாறை ஒன்றுதானே, அம்மா? நடுவில் சுவர் எதற்கு?”

பேத்தி பள்ளியில் கேட்டறிந்ததைக் கூறினாள். இரு கோயிலாருக்கும் இடையே நெடுங்காலம் வழக்கு இருந்தது. வழிபாடுகளும் தடைப்பட்டன. 1245-ஆம் ஆண்டில் போசள மன்னன் சோமேசுவரனின் தண்டநாயகன் அப்பண்ணன் முன்னிலையில் அவ்வழக்குத் தீர்ந்தது. வருவாயை ஐந்து கூறாக்கி, மூன்று கூறு பெருமாளுக்கும் இரண்டு கூறு ஈசனுக்கும் என வகுத்தனர். இடையே மதிலும் எழுப்பினர். அத்தீர்ப்பு கல்லில் வெட்டப்பட்டுள்ளது.

“சாமிகளுக்குமா பங்குச் சண்டை?” என்று முதியவர் நகைத்தார். சற்று நேரத்தில் நகைப்பு அடங்கிற்று. “இரண்டு கூறு பெற்றவர்கள் அதற்கு ஒப்புக்கொண்டார்களா?”

“ஒப்புக்கொண்டதனால்தானே தாத்தா, இரண்டு கோயில்களிலும் இன்றுவரை விளக்கு எரிகிறது?”

அவர் மறுமொழி கூறவில்லை. எண்கோண வடிவில் அமைந்த திருக்குளத்தின் படியில் அமர்ந்து, விரல்களை மடக்கியும் நீட்டியும் ஏதோ கணக்கிட்டார். தம்பியின் நிலம் அவருடையதைவிட அகன்றது. அதனை அவர் பதினோர் ஆண்டுகளாக ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. புறப்படுமுன், ஈசன் சன்னிதியில் திருநீற்றை இரண்டு பொட்டலங்களாகக் கட்டித் தரச் சொன்னார்.

பள்ளங்கிக்குத் திரும்பியும் நான்கு நாட்கள் கடந்தன. இரண்டாம் பொட்டலம் மாடத்திலேயே கிடந்தது. ஐந்தாம் நாள் மாலை, மூடுபனி இறங்கும் வேளையில், அவர் அதனை மடியில் செருகிக்கொண்டு கல்வரப்பைக் கடந்து சென்றார். நாய் குரைத்தது. விளக்கோடு வெளியே வந்த தம்பி, வந்தவர் யாரென அறிந்தும் வாய் திறவாது நின்றான்.

“ஐந்து நாளில் மூன்று நாள் தண்ணீர் உனக்கு, இரண்டு நாள் எனக்கு,” என்றார் முதியவர். “நாளைக்கு உன் முறை. விடியுமுன்னே மடையைத் திறந்துகொள்.”

தம்பி விளக்கைத் திண்ணையில் வைத்துவிட்டு, நாயை அதட்டினான்.