அப்பா வண்டிக்கு ஒரு பூட்டு

அப்பா ஓட்டிய ஆர்.எக்ஸ்.100 இன்னும் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறதா? அப்படியானால் இன்று ராத்திரி தூங்கப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. 98 சி.சி.தான். ஆனால், என்ன பாய்ச்சல்! நல்ல கண்டிஷனில் இருந்தால் இன்றைக்கு லட்சத்தைத் தாண்டி விலை சொல்கிறார்கள். திருடனுக்கும் இது தெரியும். சிப் வைத்த சாவியெல்லாம் அதில் கிடையாது. ஹேண்டில் லாக்கும் தேய்ந்திருக்கும்.

பி.காம் படித்தவனாக ஒரு கணக்கு சொல்கிறேன். வெறும் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் என்றால், வண்டி திருடுபோனால் ஒரு பைசா தேறாது.

எங்க திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அதில் ஒன்றை வாங்குங்கள். கூடவே கனமான சங்கிலி. மெலிசான சங்கிலியில் தொங்கினால் பூட்டு என்ன செய்யும், பாவம்! சக்கரத்தை மட்டும் பூட்டினால் அப்படியே தூக்கி லோடு ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். ஃப்ரேமைச் சுற்றி, தூணோடு சேர்த்துப் பூட்டுங்கள். மெக்கானிக்கிடம் சொல்லி, இக்னிஷனைத் துண்டிக்க ஒரு ரகசிய சுவிட்ச் வையுங்கள்.

எந்தப் பூட்டும் ஒருநாள் உடையும்தான். ஆனால், உடைக்க நேரமாகும், சத்தம் வரும். திருடனுக்கு இந்த ரெண்டும் ஆகாது.

புது வண்டி போனால் ஷோரூமில் இன்னொன்று வாங்கலாம். அப்பா உட்கார்ந்து ஓட்டிய வண்டிக்கு ஷோரூம் ஏதுங்க?