வானொலியின் உள்ளொலி

கடலலை கண்ணுக்குப் புலனாகும். வானொலியின் அலையோ எப்புலனுக்கும் எட்டாது. 1924-இல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் வானொலிக் கழகம் கண்டனர்; பின்னர் அவ்வலை தமிழ் பேசலாயிற்று. அதனைச் செவிக்கு ஆக்கும் பெட்டியுள் யாது நிகழ்கின்றது என்று யான் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் என் பாட்டனார்.

அவர் சிவகாசியில் பட்டாசு காயவைக்கும் மேடையில் நெடுங்காலம் உழைத்தவர். வானொலியில் மழைச் செய்தி கேட்டறிந்தே சரக்கை வெயிலில் பரப்புவார். பின்னர்க் கண்ணொளி குன்றி, விருதுநகரில் எங்கள் இல்லத்தில் அமர்ந்த அவருக்கு அப்பழம் பெட்டியே துணையாயிற்று. யான் பள்ளியிறுதி வகுப்பில் பயின்ற ஆண்டில், அதன் மத்திய அலை வாய்மூடியது. சிற்றலை மட்டும் பேசிற்று. எறிந்துவிடுக என்றனர் கண்டோர். "திருநெல்வேலி இனிக் கேட்காதா, ராசா?" என்றார் பாட்டனார்.

அவ்வினா என்னைப் பௌதிக நூல்களிடம் செலுத்திற்று. பெட்டியுள் ஆஸிலேட்டர் என்னும் அலையியற்றி ஒன்று உண்டு. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் கூடி மின்னோட்டத்தை ஊசல்போல் ஆட்ட, டிரான்சிஸ்டர் அவ்வாட்டம் ஓயாமற் காக்கும். பெரும்பாலான பெட்டிகளில் அது வரும் அலையினும் 455 கிலோஹெர்ட்ஸ் மிகுதியாக அதிரும். மத்திய அலை 531 முதல் 1602 வரை. ஆதலின் அலையியற்றி 986 முதல் 2057 வரை செல்லல் வேண்டும். அதிர்வு இருமடங்காக வேண்டின், தேக்கியின் கொள்ளளவு நாலில் ஒன்றாகக் குறைதல் வேண்டும். சிற்றலையோ பல்லாயிரம் கிலோஹெர்ட்ஸ். அத்துணை விரிவை ஒரு தேக்கியின் சுழற்சி அளக்கமாட்டாது. ஆகவே தேக்கியைப் பொதுவாக நிறுத்தி, அலைவரிசைதோறும் வேறு சுருள் அமைத்து, சுவிட்சு ஒன்றால் மாற்றுவர். யாழில் நரம்பு பல; மீட்டும் விரல் ஒன்றே அன்றோ?

சிற்றலை பேசுதலின் தேக்கியும் டிரான்சிஸ்டரும் நல்லன என்று துணிந்தேன். பழம் பெட்டியை 600-இலும், அதனருகே வேறொரு பெட்டியை 1055-இலும் வைத்தேன். அலையியற்றி உயிர்த்திருப்பின் இரண்டாவதன் இரைச்சல் அடங்கும், அடங்கவில்லை. எனவே பழுது மத்திய அலைக்குரிய அலையியற்றிச் சுருளிலோ சுவிட்சின் தொடுமுனையிலோ இருத்தல் வேண்டும். முனையிற் படிந்த களிம்பை ஸ்பிரிட்டால் துடைத்தேன். 1197-இல் திருநெல்வேலி பேசிற்று. பாட்டனார் ஒன்றும் கூறாது பெட்டியைச் செவியருகே இழுத்துக்கொண்டார்.

தமிழ் பயிலும் இந்நாளில் யான் எண்ணுவது ஒன்று. வெளியலை எத்துணை வலிதாயினும், உள்ளே ஓர் அதிர்வு இல்லையேல் பெட்டி ஊமையே. பழம்பாட்டுக்கும் அஃதே நியதி. கேட்போன் உள்ளத்தில் ஓர் ஒலி எழாதாயின், ஈராயிரம் ஆண்டு கடந்து வந்த குரலும் அவன் வாயிலில் நின்றே மீளும்.