தானே முதல் பன்வேல் வரை: ஒரு ரயில் வழியும் அதன் வாக்காளரும்

தானேயில் புறப்பட்டுப் பன்வேலில் முடியும் டிரான்ஸ் ஹார்பர் ரயில் வழியைப் பற்றி எழுதப் புகுவோர், நிலையங்களின் பெயர்களையும் தூரங்களையும் கிரமமாக அடுக்கிவிட்டால் கடமை தீர்ந்ததென்று எண்ணுவதுண்டு. அவையெல்லாம் கால அட்டவணையிலேயே கிடைப்பவை. ஆதலால் அவற்றை விடுத்து, இவ்வழியின் இருமருங்கிலும் குடியேறி வாழ்கின்ற லட்சக்கணக்கான ஜனங்கள், பொதுத் தேர்தல் வரும்போது எங்கே, எந்தத் தினத்தில், எந்த ஊரின் பொருட்டு வாக்களிக்கிறார்கள் என்பதை மாத்திரம் இங்கே கவனிக்க விரும்புகிறேன். ரயில்வே மத்திய சர்க்காரின் இலாகா; ஆகையால் நாடாளுமன்றத் தேர்தலைப்போல் இவ்வழியின் கதியை நேராக நிர்ணயிக்கும் தேர்தல் வேறொன்றில்லை. அப்படியிருந்தும், காலையிலும் மாலையிலும் இதில் நெருக்குண்டு பிரயாணம் செய்வோரில் எத்தனையோ பேருடைய வாக்கு இவ்வழியில் எங்கும் இல்லை. இவ்வழியின் குறைகளுள் முதன்மையானது அதுவே என்பது என் அபிப்பிராயம்.

2024-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலையே எடுத்துக் கொள்வோம். தமிழ்நாடு முழுவதும் ஏப்ரல் 19-ஆம் தேதி வாக்களித்தது. மகாராஷ்டிரத்தில் இப்பிரயாணிகள் பலருக்குச் சொந்த ஊர்களான சாத்தாராவும் ரத்னகிரியும் மே 7-ஆம் தேதி வாக்களித்தன. இவ்வழியின் தென்பகுதியான கார்கர் முதல் பன்வேல் வரையிலான ஊர்கள், மாவள் தொகுதியைச் சேர்ந்தவையாதலால், மே 13-ஆம் தேதியும், தானே முதல் பேலாப்பூர் வரையிலான ஊர்கள் தானே தொகுதியோடு மே 20-ஆம் தேதியும் வாக்களித்தன. ஒரே பெட்டியில் ஒரே கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றவர்கள் நான்கு வெவ்வேறு தினங்களில், வெவ்வேறு பூமிகளுக்காக விரலில் மை இட்டுக்கொண்டார்கள்.

தானே நிலையத்தின் ஒன்பதாம் பத்தாம் நடைமேடைகளில் நம் வண்டி புறப்படுகிறது. கல்யாணிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் வருகிறவர்கள் இங்கே இறங்கிப் படியேறி வண்டி மாறியே தீரவேண்டியிருப்பதால், காலை வேளையில் அந்த நடைபாலத்தில் கால் ஊன்ற இடம் கிடைப்பதில்லை. கல்வாவிலிருந்து நேரே ஐரோலிக்கு ஓர் இணைப்புப் பாதை அமைத்துவிட்டால் இந்தத் துன்பம் பெரிதும் நீங்கும் என்பதை ரயில்வேயே ஒப்புக்கொண்டு, 2016-இல் திட்டமும் அங்கீகரிக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் இதுவரை நம் கைக்கு வந்திருப்பது திகா காவ் நிலையம் ஒன்றே. அதுவும் கட்டி முடிந்த பின்னர் மாதக்கணக்கில் பூட்டியபடி கிடந்து, ஜனங்களும் தொகுதியின் உறுப்பினரும் முறையிட்ட பின், 2024 ஜனவரி 12-ஆம் தேதி, தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது திறந்து வைக்கப்பட்டது. தேர்தல் அருகில் வந்தால் கதவு திறக்கிறது என்பதைக் கண்கூடாகக் கண்ட பின்னும், தேர்தலைப் பற்றி நாம் அசிரத்தையாக இருப்பது நியாயமன்று.

ஐரோலியும் ரபாலேயும் கணினி உத்தியோகஸ்தர்களின் கண்ணாடி மாளிகைகளாலும் ஆலைகளாலும் நிறைந்தவை. கன்சோலியைக் கடந்தால் வருவது கோபர்கைரனே. என் பால்யம் முழுவதும் கழிந்த ஊர் அது.

தாராவியில் ஒற்றை அறையில் குடியிருந்த எங்கள் குடும்பத்துக்கு, தானே–பேலாப்பூர் ரஸ்தாவில் ஓர் ஆலையில் என் தந்தையாருக்கு வேலை கிடைத்ததும், நகர் நிர்மாணத்துக்கான சர்க்கார் நிறுவனமாகிய சிட்கோ கட்டிய சிறு வீடொன்று கோபர்கைரனேயில் வாய்த்தது. அப்போது இந்த ரயில் இல்லை. 2004-இல்தான் அது வந்தது. கழிமுகத்தை ஒட்டி அலையாத்திச் செடிகளும், நடுவே ஆக்ரி, கோலி மக்களின் பழைய கிராமமும், அதைச் சூழ்ந்து எண்களால் மட்டும் அழைக்கப்பட்ட செக்டர்களும் இருந்தன. 1970-இல் ஏற்பட்ட சிட்கோவுக்காகத் தங்கள் வயலையும் உப்பளத்தையும் இழந்த அந்தக் கிராமத்தார், நில இழப்பீட்டுக்காக தி. பா. பாட்டீல் என்னும் பெருந்தலைவரின் கீழ்ப் போராடி, 1984 ஜனவரியில் ஜாசயி வட்டாரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவரைப் பறிகொடுத்தவர்களின் இனத்தார். அவர்கள் வாக்கு சிதறுவதில்லை. பாட்டியிலிருந்து பேரன் வரை, இருக்கிற ஊருக்காக, இருக்கிற ஊரிலேயே வாக்களிப்பார்கள். அரசியல்வாதி கணேஷ் நாயக்கின் குடும்பம், கட்சிகள் மாறியும், முப்பதாண்டுகளுக்கு மேலாக இந்தக் கரையில் செல்வாக்கோடு விளங்குவதற்கும், தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் நடந்த 2009 தேர்தலில் சஞ்சீவ் நாயக் தானே தொகுதியில் வென்றதற்கும் இந்த உறுதியும் ஒரு காரணம்.

செக்டர்களில் குடியேறிய நாங்களோ வேறு வகையினர். எங்கள் வரிசையில் பாதி வீடுகள் துர்பே மொத்தச் சந்தையில் மூட்டை சுமக்கும் மாத்தாடித் தொழிலாளரின் வீடுகள். அவர்கள் சாத்தாரா, சாங்க்லி ஜில்லாக்காரர்கள். மற்றவர்கள் கொங்கணத்தார், மலையாளிகள், எங்களைப் போன்ற திருநெல்வேலிக்காரர்கள். எல்லோருடைய ரேஷன் கார்டும் இங்கே. அநேகமாக எல்லோருடைய வாக்கும் ஊரிலே.

2014 ஏப்ரல் 16-ஆம் தேதி இரவை நான் மறக்க முடியாது. மறுநாள் சாத்தாராவில் வாக்குப்பதிவு. மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கெல்லாம் எங்கள் செக்டரின் பிரதான வீதி நெடுக ஆரஞ்சு வர்ணப் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றுவிட்டன. ஒவ்வொன்றின் முகப்பிலும் பாட்டண், கொரேகாவ், வாயி என்று ஊர்ப் பெயர் எழுதிய அட்டை. ஒவ்வொன்றின் படியிலும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடும் ஓர் இளைஞன். தலையில் குல்லாய் தரித்த கிழவர்கள், புதுப் புடவை கட்டிய பெண்கள், ஜன்னலுக்கு அடித்துக்கொள்ளும் குழந்தைகள், பொட்டலத்தில் கட்டிய பாக்கர்வடி, தகர டப்பாவில் சட்னி, நடுவே எங்கிருந்தோ கேட்கும் தோலக்கின் ஓசை என்று அந்த வீதி ஒரு தேர்த்திருவிழாவின் தோற்றம் கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் காக்கூ, சாவியையும் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் என் தாயாரிடம் ஒப்படைத்துவிட்டு, "நீங்களும் போகலாமே, வஹினி! உங்கள் ஊரிலும் தேர்தல்தானே?" என்று மராத்தியில் கேட்டார். என் தாயார் அதே பாஷையில், "குழாயில் தண்ணீர் இந்த ஊரில்தானே வருகிறது, காக்கூ? ஓட்டும் இங்கேயே இருக்கட்டும்" என்றார்கள். காக்கூ சிரித்தார், பேருந்து புறப்பட்டது, விடியும்போது எங்கள் வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன.

என் தந்தையார் அந்நேரம் ஊரில் இருந்தார். அவ்வருஷம் தமிழ்நாட்டிலும் மும்பையிலும் தானேயிலும் வாக்குப்பதிவு ஒரே தினம், ஏப்ரல் 24. கல்யாணில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி இரண்டு இரவுகள் பிரயாணம் செய்து, நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூருக்கு அவர் போய்ச் சேர்ந்தது, குலதெய்வத்துக்குப் பொங்கலிடுவதற்காக அல்ல. ஒரு பொத்தானை அழுத்துவதற்காக. "ஓட்டுப் போடாம இருந்தா, செத்துப் போனவன் கணக்குல சேத்துருவாம்ல!" என்பார். அந்த வார்த்தையில் உள்ள பயத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். பட்டினத்தில் முப்பது வருஷம் உழைத்தவனுக்கும், ஊர்ப் பட்டியலில் தன் பெயர் இருப்பது, பரம்பரை நிலத்தின் வரப்பைப்போல் ஒரு பாத்தியதையின் அடையாளம். சாத்தாராக்காரருக்கும் அதே எண்ணந்தான்.

அரசியல்வாதிகள் இந்த எண்ணத்தை நன்கறிவார்கள். அந்தத் தேர்தலுக்குச் சற்று முன், மார்ச் மாதத்தில், நவி மும்பையில் மாத்தாடித் தொழிலாளர் கூட்டமொன்றில் சரத் பவார், 17-ஆம் தேதி சாத்தாராவில் தம் கட்சியின் கடிகாரச் சின்னத்துக்கு வாக்களித்துவிட்டு, மையைத் துடைத்துவிட்டு, 24-ஆம் தேதி இங்கேயும் வந்து வாக்களிக்கலாம் என்ற பொருள்படப் பேசினார். பிறகு அது வேடிக்கையாகச் சொன்னதென்று விளக்கம் தந்தார். தேர்தல் ஆணையம் தன் அதிருப்தியைத் தெரிவித்தது. 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது: ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பெயர் பதியக் கூடாது, சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் பதியவேண்டும், ஓரூரில் சொந்த வீடு இருப்பது மாத்திரமே அங்கு வசிப்பதாகாது.

இங்கே பெயர் பதிந்தவர்களுக்கும் அன்று பாதை செம்மையாக இருக்கவில்லை. 2014-இல் மும்பையிலும் சுற்றுப்புறத்திலும் லட்சக்கணக்கானோர் பெயர்கள் பட்டியலில் இல்லாமற்போக, தேர்தல் ஆணையமே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 2024 மே 20-ஆம் தேதியோ வேறொரு சங்கடம். கைப்பேசியை வாக்குச்சாவடிக்குள் கொண்டுபோகக் கூடாதென்ற விதியால், கொளுத்தும் வெயிலில் நெடுநேரம் நின்றவர்கள் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எங்கள் செக்டரின் பள்ளிக்கூட வாசலில், எங்கள் கட்டடத்துப் பையன் ஒருவன், ஒரு துணிப்பையை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் கைப்பேசியிலும் வீட்டு எண் எழுதிய துண்டுச் சீட்டை ரப்பர் வளையத்தால் மாட்டி வாங்கிக்கொண்டிருந்தான். அவன் மட்டும் நில்லாதிருந்தால் எங்கள் கட்டடத்தில் அன்று பலர் வாக்களியாமலே வீடு திரும்பியிருப்பார்கள். உள்ளே, பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின் சீட்டு ஏழு விநாடி நின்று விழுந்தது. வரிசையில் நின்றது இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அன்று தானே தொகுதியில் பதிவானது நூற்றுக்கு 52 என்ற அளவே. சிவசேனையின் இரு பிரிவுகள் மோதியதில் ராஜன் விச்சாரேயை நரேஷ் மஸ்கே இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். எங்கள் வரிசையின் மாத்தாடி வீடுகளோ, தங்கள் சங்கத் தலைவர்களுள் ஒருவரான சசிகாந்த் ஷிண்டே சாத்தாராவில் உதயன்ராஜே போஸ்லேயை எதிர்த்து நின்ற தேர்தலுக்காக, மே 7-ஆம் தேதியே தங்கள் மையை இட்டுக்கொண்டிருந்தன.

துர்பேயில் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சான்பாடா வழியாக வாஷிக்குப் போகிறது. அங்கே மாறிக் கழிமுகத்தைத் தாண்டினால் செம்பூரும் சயான் கோலிவாடாவும். வாக்கு இருக்கும் இடத்தில் இருப்பவனுக்கு என்ன பலம் என்பதைக் காண அங்கே போகவேண்டும். 1957-லும் 1962-லும் வடக்கு பம்பாயில் வென்ற வி. கே. கிருஷ்ண மேனனுக்கு 1967-இல் காங்கிரஸ் இடம் தர மறுத்தது. சுயேச்சையாக நின்ற அவரை, தென்னிந்தியரைத் தூற்றி வளர்ந்துகொண்டிருந்த சிவசேனையின் ஆதரவு பெற்ற காங்கிரஸ் அபேட்சகர் பர்வே தோற்கடித்தார். அந்நாள் முதல் தாராவியிலும் கோலிவாடாவிலும் தமிழர் பிடிவாதமாக அங்கேயே பெயர் பதிந்து, அங்கேயே வாக்களித்து வந்ததன் பயனாக, புதுக்கோட்டை ஜில்லாவிலிருந்து வந்த தமிழ்ச்செல்வன் சயான் கோலிவாடாவின் சட்டமன்ற உறுப்பினராக 2014, 2019, 2024 என மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். தென்மத்திய மும்பையில் சென்ற முறை சேனையின் இரு பிரிவு அபேட்சகர்களும் தமிழர் வாக்கை நாடித் தாராவிச் சந்துகளில் நடந்தார்கள். தமிழருக்குத் தமிழரே பிரதிநிதியாக வேண்டுமென்பது என் வாதமன்று. எண்ணிக்கையில் இருப்பவனைத் தேடி அபேட்சகன் வருவான் என்பதே.

மற்றொரு கிளை ஜுயிநகர், நெருள், சீவுட்ஸ் வழியாகப் பேலாப்பூரை அடைகிறது. அதைத் தாண்டிக் கார்கரில் கால் வைத்தால் தொகுதி மாறிவிடுகிறது. மாவள் தொகுதி விசித்திரமானது: பன்வேலும் உரணும் கர்ஜத்தும் போர் காட் மலைக்கணவாயின் இப்புறம், பிம்ப்ரியும் சிஞ்ச்வட்டும் அப்புறம். 2014 முதல் மூன்று முறையாக ஸ்ரீரங் பார்ணே அங்கே உறுப்பினர். மலைக்கு அப்பால் உள்ள ஆலை நகரங்களின் கவலையோடு பன்வேல் வண்டியின் கவலையும் அவர் சுமக்கவேண்டியிருக்கிறது. பன்வேலில் நம் வண்டி நிற்கிறது.

இவ்வாறு இரண்டு உறுப்பினர்களுக்கிடையே பங்கிடப்பட்ட இவ்வழி, கட்டப்பட்டதே சிட்கோ 67 பங்கும் ரயில்வே 33 பங்கும் செலவிட்டு. அதற்காகப் பிரயாணிகள் பல வருஷம் கூடுதல் கட்டணமும் செலுத்தினார்கள். அப்படியிருந்தும் நிலையக் கட்டடங்களைப் பராமரிப்பது யார் என்ற தகராறு நீண்டது. ஒழுகும் கூரைகளும் மழைக்காலத்தில் நீர் தேங்கும் சுரங்கப்பாதைகளும் அதன் விளைவு. நவி மும்பை மாநகராட்சியின் பதவிக்காலம் 2020 மேயில் முடிந்த பின் ஐந்தாண்டுகளுக்கு மேல் தேர்தலின்றி அதிகாரியே ஆண்டார். அந்தக் காலத்தில் வார்டு உறுப்பினர் என்று ஒருவரைக் கேட்க வழியே இருக்கவில்லை. கேட்பதற்கு மிஞ்சியிருந்த வாசல்களையும் நாம் சாத்தாராவுக்கும் திருநெல்வேலிக்கும் அனுப்பிவிட்டோம்.

வெளியூரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரமொன்றை, 72 தொகுதிகளுக்குப் பயன்படும்படி, தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முயன்றது, கட்சிகள் இணங்கவில்லை. இணங்கியிருந்தாலும், நம் வாக்கு நம் ரயிலுக்கு உதவியிராது. இதற்கிடையே 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், நிரந்தரமாக வெளியேறியவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. என் தந்தையார் அஞ்சியது வேறு வடிவில் வந்துவிட்டது: ஊரிலும் பெயர் இல்லை, இங்கேயும் பதியவில்லை என்றால், எங்குமே வாக்கில்லாத பிரஜையாக ஒருவர் நிற்க நேரும்.

ஆகையால் ஐரோலி முதல் பன்வேல் வரை வசிக்கும் தமிழ் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. எங்குமே பெயர் இல்லாதவர்கள் ஆறாம் எண் படிவத்தையும், ஊர்ப் பட்டியலில் இன்னும் பெயர் உள்ளவர்கள் இடமாற்றத்துக்கான எட்டாம் எண் படிவத்தையும் இங்கே கொடுத்துவிடுங்கள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்குமே தகுதி நாட்களாதலால் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஊரின்மேல் உள்ள பாசத்தைக் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் போய்க் காட்டலாம். வாக்கு, நாம் நாள்தோறும் ஏறும் ரயிலுக்கு உரியது. அடுத்த மக்களவைத் தேர்தல் 2029-இல் வரவேண்டும். அதற்குள் நம் பெயர் இந்தப் பட்டியலில் இருக்கவேண்டும்.