கொழுத்த மண்

"உங்க மண்ணுக்கு என்னங்க, குச்சிய நட்டாலே காய்க்குமே!" கோயில் அன்னதானப் பந்தியில் ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி இப்படிச் சொன்னார். மலேசியாவின் கோத்தா திங்கியில் ஆயுசெல்லாம் காய்கறி போட்டவனிடம் இதைச் சொல்லலாமா? மண் கொழுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது.

என் பாத்திகள் இருப்பது பழைய தோட்டத்து மாட்டுக்கொட்டகை நின்ற இடம். சுற்றிலும் செம்பனை நிற்கும் புளித்த செம்மண். அந்த ஒரு துண்டு மட்டும் முழங்கை ஆழத்துக்குக் கறுப்பு. தண்டங்கீரை, சோளம், பூசணி எல்லாம் அதில் வெறி பிடித்து வளரும். கத்திரியும் மிளகாயும் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வழிக்கு வரும். பயற்றங்காய்தான் வராது.

கொடி பந்தலை மூடிவிடும். இலை உள்ளங்கை அகலம், கரும்பச்சை. பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். பூ மட்டும் நாலு வைத்து மூன்றை உதிர்க்கும். கொழுந்தில் அசுவினி கறுப்பாய் அப்பிக்கொள்ளும், பின்னாலேயே எறும்பு ஏறும். ஒரு கொடியை வேரோடு பிடுங்கிப் பார்த்தால் காரணம் தெரியும். ஏழை மண்ணில் வேர் முழுக்க முடிச்சு இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதுதான் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற இடம். என் மண்ணில் முடிச்சு ஒன்றோ இரண்டோதான் இருக்கும், கிள்ளினால் வெளுப்பு. கேட்காமலே தழைச்சத்து கிடைக்கும்போது கொடி ஏன் உழைக்கும், ஏன் காய்க்கும்?

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது பெரியம்மா. காலையில் ரப்பர் பால் வெட்டு, மத்தியானம் பாத்தி. எருக்குவியலுக்குள் முழங்கை வரை கையை விடுவார். சூடு தட்டினால், "இன்னும் வேகுது, தொடாதே" என்பார். "எருவை யாரும் போடலாம்டா. நிறுத்தத் தெரியணும்" என்பதும் அவர் சொன்னதுதான். கொழுத்த பாத்தியில் முதலில் சோளம் போட்டு மண்ணை இளைக்க வைப்பார். சோளத்தட்டையை அங்கேயே மக்கவிட்டால் சத்து திரும்ப வந்துவிடும் என்று வெட்டி மாட்டுக்குப் போடுவார். அடுத்தது கத்திரி, எரு இல்லாமல். அதற்கப்புறம்தான் பயறு, அதற்கு முன் காய்ந்த லாலான் புல்லை வெட்டிப் புதைப்பார். புல்லை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் மிஞ்சிய தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும் என்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் படிக்காமலே செய்தார். மொட்டு தெரியும்வரை தண்ணீரையும் இழுத்துப் பிடிப்பார். ஆனால் டிசம்பர் மழையிடம் அது நடக்காது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து ஊரை மூழ்கடித்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் பாத்தியை உயர்த்தாமல் விதை ஊன்ற மாட்டார்கள்.

இப்போது முதுகு வளையவில்லை; நிலத்தை அக்கா மகனிடம் கொடுத்துவிட்டேன். அவன் வயசுப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் மூட்டைக் கோழி எருதான் மருந்து. இலை வெளுத்தால் ஒரு மூட்டை, பூ கொட்டினால் இன்னொரு மூட்டை. தழைச்சத்தையாவது மழை கழுவிக்கொண்டு போகும். கோழி எருவின் மணிச்சத்து போகாது, போகத்துக்குப் போகம் மண்ணில் ஏறும்; ஏறினால் செடியை இரும்பும் துத்தநாகமும் எடுக்க விடாது. நரம்பு பச்சையாய் நிற்க இளம் இலை மஞ்சளிக்கும். அதைப் படம் பிடித்து, "மாமா, என்ன உரம் போடலாம்?" என்று அனுப்புகிறான். ஐரோப்பிய நாடுகள் 1991-லேயே சட்டம் போட்டு, தண்ணீர் கெடக்கூடிய பகுதிகளில் கால்நடை எருவின் தழைச்சத்தை ஹெக்டேருக்கு வருஷம் 170 கிலோவுக்குள் நிறுத்திவிட்டன. இங்கே அளவு என்ற பேச்சையே எடுக்க ஆளில்லை.

இந்தப் போகம் ஒன்றும் போடாமல் சோளம் விதைக்கச் சொல்லியிருக்கிறேன். சோளத்துக்குச் சந்தையில் விலை இல்லை என்கிறான். விலைக்காக விதைக்கச் சொல்லவில்லை.